பன்னிரண்டு பேருக்கு மட்டும் தாளம் தப்பலாம்

வயதானவர்களின் இதயத்தில் மேலறை இரண்டும் சில சமயம் சொன்ன பேச்சைக் கேட்காமல் படபடவென்று நடுங்கும். நாடி தாறுமாறாக ஓடும். வயது ஏற ஏற இது நிறையப் பேருக்கு வரும். வந்திருப்பதே பலருக்குத் தெரியாது. டாக்டர்கள் இதை வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தவரை யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அதைக் காதில் வாங்கிக்கொண்டு ஒரு வாரியம் அமைத்தார்கள் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

முதியோர் இதயத் தாள ஒழுங்கு வாரியம் என்று பெயர். மைசூருவில் மரங்கள் சூழ்ந்த ஒரு பழைய பங்களாவில் அதன் முதல் கூட்டம் நடந்தது. நிறையப் பேர் என்றால் எத்தனை பேர் என்பதுதான் முதல் கேள்வி. ஒரு டாக்டர் நூற்றுக்கு நாலு என்றார். இன்னொருவர், ரொம்ப வயதானவர்களை எடுத்தால் எட்டுக்குக் குறையாது என்றார். மூன்றாவது டாக்டர், ஊருக்கு ஊர் மாறும், தேடிப் பார்த்தால்தான் தெரியும், தேடுவோம் என்றார். மூன்றாவது டாக்டரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. தலைவர் பசவராஜ் யார் மனமும் புண்படக் கூடாதென்று நூற்றுக்கு ஆறு என்று தீர்த்துவைத்தார்.

எங்கள் வார்டில் முதியோர் இருநூறு பேர். ஆகவே எங்கள் வார்டில் தாளம் தப்பிய இதயங்கள் பன்னிரண்டு. பதினொன்று கிடைத்தால் அதிகாரி தூங்குகிறார் என்று பொருள். பதின்மூன்று கிடைத்தால் பொதுமக்கள் ஏமாற்றுகிறார்கள் என்று பொருள். இதோடு இன்னொரு விதியும் போட்டார்கள். இந்த நோய்க்கான மாத்திரையை வாரியத்தின் எண் இல்லாமல் எந்த டாக்டரும் எழுதக் கூடாது, எந்த மருந்துக் கடையும் கொடுக்கக் கூடாது. எண் பெற்ற பன்னிரண்டு பேருக்கும் மாத்திரை வீடு தேடி வரும்.

எங்கள் ஊரில் யாரையும் தலையில் பேட்டா வைக்காமல் கௌரவிக்க முடியாது. ஜரிகை போட்ட அந்த மைசூர்த் தலைப்பாகையும் சால்வையும் சந்தன மாலையும் இல்லாவிட்டால் அது விழாவே இல்லை. வாரியம் எங்கள் வார்டுக்காகப் பன்னிரண்டு பேட்டா வாங்கியது. நோயாளிக்கு எதற்கய்யா தலைப்பாகை என்று நான் ஒரு குமாஸ்தாவைக் கேட்டேன். "வேற எப்படி சார் விழா நடத்தறது?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

பேட்டா வைக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும் வார்டின் பெரிய மனிதர்களுக்கெல்லாம் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. காண்ட்ராக்டர் உதயகுமார் ஞாயிறுதோறும் சாமுண்டி மலைப் படியை மூச்சு வாங்காமல் ஏறி இறங்குகிற ஆள். கல்யாண மண்டபத்தில் நடந்த விழாவில் அவர்தான் முதலில் மேடையேறினார். அவருக்குப் பின்னால் அவர் சம்பந்தி, சம்பந்தியின் பார்ட்னர், மண்டபத்துச் சொந்தக்காரர். நிஜமாகவே நாடி தப்பிய ஒருசிலரும் தப்பித்தவறி உள்ளே வந்துவிட்டார்கள். அதில் ஒருவர், மகள் வீட்டில் இருக்கும் ஹனூர்க்காரர் பூவாத்தாள். அந்த அம்மாளுக்கு வயது எண்பதுக்கு மேல்.

ஈவ்லின் மிஸ்ஸுக்கு இந்த விழா நடந்ததே தெரியாது. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் தெருக்கோடியில் தம்பி கிரிஸோடு இருக்கிறார். கிரிஸ் ஹெப்பாளில் ஐ.டி. கம்பெனிக்கு பஸ் ஓட்டினவர். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. வலது பக்கம் போய்விட்டது, பேச்சு பாதியாகிவிட்டது. நாடி ரொம்ப நாளாகவே தாறுமாறாக ஓடியிருக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். மேலறையில் தேங்கின ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய் அடைத்துவிட்டதாம். முன்னாலேயே யாராவது கையைப் பிடித்துப் பார்த்து மாத்திரை கொடுத்திருந்தால் அநேகமாக இந்தக் கதி வந்திருக்காதாம். யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து கிரிஸைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டிவிடுவது எல்லாம் மிஸ்தான்.

அப்படிப்பட்ட மிஸ்ஸுக்கு ஒரு நாள் தம்பியைப் புரட்டிப் பெட்ஷீட் மாற்றும்போது நெஞ்சுக்குள் என்னவோ புரண்டது. கட்டிலில் உட்கார்ந்து தன் மணிக்கட்டில் தானே விரலை வைத்துப் பார்த்தார். ஓடிக் களைத்து வந்த பிள்ளைகளின் நாடியை எவ்வளவோ தடவை பார்த்த விரல். இந்த நாடி ஓடவும் இல்லை, நடக்கவும் இல்லை. குடிகாரன் மாடிப்படி இறங்குகிற மாதிரி இருந்தது.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் டாக்டர் சௌம்யா ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். மிஸ்ஸிடம் படித்த பெண்தான்.

"மிஸ், கிரிஸ் அங்கிளுக்கு இருந்ததேதான் உங்களுக்கும். இந்த வயசுல ரொம்ப காமன். பயப்படாதீங்க. ஆனா சும்னே விடக் கூடாது. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை உடனே ஆரம்பிக்கணும்."

"எழுதிக் குடும்மா."

சௌம்யா பேனாவை எடுத்தார். பிறகு கீழே வைத்தார். "வாரியத்து நம்பர் இல்லாம எழுதினா கிளினிக்கை சீல் வெச்சிடுவாங்க மிஸ். நம்பர் வாங்கிட்டு வந்துடுங்க. ரொம்ப காமன்தானே, கேட்ட உடனே குடுத்துடுவாங்க."

நன்றாகப் படித்த பெண். ஆனால் உலகம் தெரியாது.

மிஸ் வாரியத்து பங்களாவுக்குப் போனார். தலைவர் பசவராஜ் நல்ல மரியாதையாக உட்காரவைத்து, காபி வரவழைத்து, எந்த வார்டு என்று மட்டும் கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்தது.

"ஆயித்து மேடம். உங்க வார்டு முடிஞ்சாச்சு. பன்னிரண்டும் ஃபுல். உங்க ஹார்ட் ரெகுலர். சந்தோஷமா மனைக்குப் போங்க."

"நாடி பார்க்காமயே சொல்றீங்களே சார்."

"பார்த்துச் சொல்றது டாக்டர் வேலை. நாங்க பாலிசி லெவல்."

மிஸ் எழுந்திருக்கவில்லை. ஆளைப் பார்த்தால் சுலபத்தில் போகமாட்டார் என்று தெரிந்ததும், வாரியத்தின் சொந்த மெஷினில் சோதித்துப் பார்க்க உத்தரவாயிற்று. மெஷினிலிருந்து காகிதம் வந்தது. கோடுகள் ஒன்றோடு ஒன்று சேராமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக எகிறி நின்றன. பசவராஜ் அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெஷினைப் பழுது பார்க்க பெங்களூருக்கு அனுப்பச் சொன்னார்.

"நோடி மேடம், நான் சயின்ஸுக்கு விரோதி இல்ல. சயின்ஸ் சொல்றது நூத்துக்கு ஆறு. உங்க வார்டுக்கு அது பன்னிரண்டு. பன்னிரண்டு பேரையும் நாங்க கண்டுபிடிச்சாச்சு. நீங்க பதின்மூணாவதா வந்து நிக்கறீங்க. யோசிச்சுப் பாருங்க, நீங்கதான் சயின்ஸுக்கு விரோதி."

"எனக்கு ஸ்ட்ரோக் வந்தா என்ன சார் பண்றது? வீட்ல ஏற்கெனவே ஒருத்தன் படுத்திருக்கான். நான் விழுந்தா அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து விழுவோம்."

"அது வேற டிபார்ட்மென்ட் மேடம்," என்றார் பசவராஜ். சொல்லும்போது அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. வேறு டிபார்ட்மென்ட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவருக்கு அந்த வருத்தம் வரும்.

ஆனாலும் அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒரு வழி சொன்னார். ஹெப்பாள் வார்டில் ஏகப்பட்ட இடம் காலியாக இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள் என்றார்.

ஹெப்பாளில் நடந்தது என்னவென்றால், அங்கே முதியோரை எண்ணப் போனவர்கள் மறந்தாற்போல ஐ.டி. கம்பெனிக்கு வந்து போகிறவர்களையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். ஆகவே அந்த வார்டு அதிகாரி விஜய்குமார் கண்டுபிடிக்க வேண்டிய இதயங்கள், அங்கே இருக்கிற கிழவர்களின் எண்ணிக்கையைவிட அதிகம். பாவம், மனுஷன் துரும்பாய் இளைத்துவிட்டார். சாயங்காலம் கம்பெனி பஸ்கள் புறப்படும் இடத்தில் நின்று, போகிற வருகிற இளைஞர்களின் கையையெல்லாம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புராஜெக்ட் முடிக்க வேண்டிய வாரத்தில் பிடித்தால் எல்லாருக்கும் கொஞ்சம் வேகமாகத்தான் அடிக்கிறது, ஆனால் தாளம் தப்பமாட்டேன் என்கிறது என்று மிஸ்ஸிடம் அழாத குறையாகச் சொன்னார்.

சௌம்யா எடுத்த ஈ.சி.ஜி.யை மிஸ் நீட்டியதும் அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஒரிஜினல் மேடம் இது. இந்தப் போஸ்ட்டுக்கு வந்து ஒரு ஒரிஜினலாவது பார்ப்பேன்னு நான் நினைக்கவே இல்ல. நாளைக்கே நம்பர் போட்டுடலாம். ஒண்ணே ஒண்ணு, நீங்க இந்த வார்டுல குடியிருக்கணும்."

"இங்க எனக்கு யார் சார் இருக்கா?"

"லேடீஸ் பி.ஜி. இருக்கு. மூணு பொண்ணுங்களோட ஒரு ரூம். எல்லாம் நைட் ஷிஃப்ட், பகல்ல தூங்கிடுவாங்க, உங்களுக்குத் தொந்தரவே இருக்காது."

"என் தம்பி?"

விஜய்குமார் யோசித்தார். "ஆம்பளைங்களை விடமாட்டாங்களே மேடம்," என்றார். மிஸ் ஈ.சி.ஜி.யைத் திருப்பி வாங்கிக்கொள்ளப் பார்த்தார். விட மனமில்லாமல் அவர் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே பஸ் படிவரை வந்தாராம்.

மறுபடி பங்களா. பசவராஜுக்கு மிஸ்ஸைப் பார்க்க அலுப்பாக இருந்தது.

"அப்ப வேகன்சிக்கு வெயிட் பண்ணுங்க. லிஸ்ட்ல நீங்கதான் ஃபர்ஸ்ட்."

"வேகன்சின்னா?"

பசவராஜ் கண்ணை மேலே விட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார். "பூவாத்தாள்னு ஒரு அம்மா. ரொம்ப வயசு. நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானே, பிரேயர் பண்ணுங்க."

"அந்த அம்மா நூறு வயசு இருக்கணும்னுதான் பண்ணுவேன்."

"அது உங்க இஷ்டம் மேடம். ஆனா டிலே ஆகும்."

வாரியம் எதையும் மறைத்துச் செய்வதில்லை என்பது அதன் கொள்கை. ஆகவே பூவாத்தாளுக்கும் ஆள் அனுப்பி, உங்கள் இடத்துக்கு இன்னார் காத்திருக்கிறார் என்று தெரிவித்துவிட்டார்கள். மறுநாளே அந்த அம்மாள் ஒரு சீப்பு நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து மிஸ் வீட்டு வாசலில் இறங்கினார்.

"ஏனுங் கண்ணு, நான் போறதுக்காகக் காத்திருக்கறது நீங்கதானுங்களா?"

மிஸ்ஸுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, நான் ஒண்ணும் காத்திருக்கலம்மா."

"காத்திருந்தாலும் தப்பில்லீங். ஆனா எனக்கு இப்போதைக்குப் போற நெனப்பில்லீங். அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். பழம் சாப்புடுங்க."

உள்ளே வந்து உட்கார்ந்தார். கட்டிலில் கிடந்த கிரிஸைப் பார்த்தார். கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பிறகு பூவாத்தாளின் பேச்சில் விளையாட்டு இல்லை.

"எனக்கு வர்ற மாத்திரையில பாதி உங்களுக்குத் தர்றனுங்."

"வேண்டாம்மா. பாதி பாதி போட்டா உங்களையும் காப்பாத்தாது, என்னையும் காப்பாத்தாது."

"அப்ப அந்த உதயகுமாரோடதை வாங்கிக்கலாமுங். அவன் எங்க முழுங்கறான்? அவன் ஊட்டு சோகேஸ்ல, பேட்டாவுக்குப் பக்கத்துல அட்டை அட்டையா அடுக்கி வெச்சிருக்கானுங். வர்றவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டறான்."

அன்றைக்குத்தான் ஈவ்லின் மிஸ்ஸுக்குக் கோபம் வந்தது. அதுவரை அவர் ஏதோ தன்னிடம்தான் தப்பு, சரியான ஆளைப் பார்க்கவில்லை, சரியாகக் கேட்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தே காலத்தை ஓட்டுகிறோம். தன் உயிரைக் காக்கும் மாத்திரை ஒருவன் வீட்டு அலங்காரப் பொருளாக இருக்கிறது என்று கேட்டதும் அந்த நினைப்பு போய்விட்டது.

அந்த மாதக் கடைசியில் சீரான இதய நாள் கொண்டாட்டம் வந்தது. அதே கல்யாண மண்டபம். மேடையில் பன்னிரண்டு பேட்டாவும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அடியில் ஆட்களும் இருந்தார்கள். கீழே வார்டு முதியோர் அத்தனை பேரும். பிசிபேளேபாத் போடுகிறார்கள் என்று சொல்லியிருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. எங்கள் பக்கத்து விழாக்களில் ஒரு ஏற்பாடு உண்டு. பேச்சு முடிவதற்குள் ஜனங்கள் நழுவிவிடாமல் இருக்க, எவர்சில்வர் தட்டையும் ஸ்பூனையும் முதலிலேயே கையில் கொடுத்துவிடுவார்கள். காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து போக யாருக்கும் மனம் வராது.

பசவராஜ் மைக்கைப் பிடித்தார்.

"தசராவுல யானைங்க எப்படி நடக்குது? வரிசையா. ஒரு யானையாவது தாளம் தப்புதா? அத்தனை பெரிய யானை ஒழுங்கா நடக்கும்போது, கைப்பிடி அளவு ஹார்ட் நடக்காதா? நடக்கும். பிளானிங் வேணும். மூணு வருஷம் முன்னாடி இந்த வார்டுல எத்தனை பேருக்கு இந்த வியாதின்னு யாருக்கும் தெரியாது. இன்னைக்குத் தெரியும். பன்னிரண்டு. அடுத்த வருஷமும் பன்னிரண்டு. நீங்க தூங்கும்போதும் பன்னிரண்டு. இயற்கை இஷ்டத்துக்கு ஆடிட்டு இருந்துச்சு. நாங்க அதை ஃபைல்ல கொண்டுவந்தோம்."

கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். தட்டு வைத்திருக்கும் கையால் தட்டுவது கஷ்டம் என்பதால் சரியாகத் தட்டவில்லை.

அப்போது நடுவரிசையில் ஈவ்லின் மிஸ் எழுந்தார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை. மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி பேசிப் பழகின தொண்டை அது.

"எல்லாரும் உட்கார்ந்தபடியே இருங்க. தட்டு மடியில. பக்கத்துல இருக்கறவங்க கையைப் பிடிங்க. கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டுல, ரெண்டு விரல் வைங்க. கிடைச்சுதா? இன்னும் கொஞ்சம் ஓரமா. இப்ப ஒவ்வொரு துடிப்புக்கும் தட்டுல ஒரு தட்டு. முதல் வரிசையில இருந்து ஆரம்பிக்கலாம். ஒவ்வொருத்தரா."

அந்தக் குரல் சொன்னால் செய்யாமல் இருக்க முடியாது. பாதி மண்டபம் சின்ன வயதில் அந்த மாதிரி ஒரு குரலுக்குக் கையைத் தூக்கி இறக்கியிருக்கிறது. முதல் ஆள் டங், டங், டங் என்று வந்தார். இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவது அம்மாளுக்கு டங்-டங்... டங்... டங்டங்டங்... டங் என்று வந்தது. அந்த அம்மாளே பக்கத்து ஆள் தப்பாகத் தட்டுகிறார் என்று சண்டைக்குப் போய், ஆளை மாற்றி மறுபடி பார்த்தார். மறுபடி அதே கோணல்.

"பயப்படாதீங்க," என்றார் மிஸ். "இது மட்டும் போதாது, டாக்டர்கிட்ட ஈ.சி.ஜி. எடுத்துத்தான் முடிவு பண்ணணும். கையைத் தூக்கிட்டே இருங்க. அடுத்தவங்க."

பசவராஜ் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். "தயவுசெய்து தட்டாதீங்க. இது பர்மிஷன் இல்லாத துடிப்பு. இந்தத் துடிப்பு எதையும் வாரியம் ஒத்துக்காது." யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தோம். என் முறை வந்தது. என் நாடி கடிகாரம் மாதிரி அடித்தது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. நாலு வரிசை முடிவதற்குள் தூக்கின கைகள் பன்னிரண்டைத் தாண்டிவிட்டன. பின்னால் இன்னும் வரிசைகள் இருந்தன.

கடைசியில் பூவாத்தாள் மேடையிலேயே உதயகுமாரின் கையை எட்டிப் பிடித்தார். ஸ்பூனால் மைக் ஸ்டாண்டில் தட்டினார். மண்டபம் முழுக்கக் கேட்டது. டங், டங், டங், டங். ஒரு இம்மி பிசகவில்லை. இவ்வளவு அருமையான நாடியை நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஜனங்கள் நிஜமாகவே கைதட்டினார்கள். அவருக்குத்தான் பேட்டாவுக்குக் கீழே முகம் தொங்கிப்போயிற்று.

பின்னால் நின்றிருந்த டாக்டர் சௌம்யா முன்னால் வந்தார். கிளினிக்குக்குச் சீல் விழும் என்று தெரிந்தும் சொல்லிவிட்டார். "கை தூக்கினவங்க எல்லாரும் காலைல கிளினிக்குக்கு வாங்க. ஈ.சி.ஜி. எடுத்து, மாத்திரை வேணும்னா எழுதறேன். நம்பர் வேண்டாம்."

அடுத்த நாள் காலையில் நாங்கள் போனபோது கிளினிக் கதவில் அரக்கு முத்திரை. மருந்துக் கடைகளுக்கும் எச்சரிக்கை போயிருந்தது. சௌம்யா வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மிஸ் வீட்டுக்குத் திரும்பிப் போனார். எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். சற்று நேரத்தில் கிரிஸைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, அவர் மடியில் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்தார். மூடின கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கண்ணைத் துடைம்மா. உன் சின்ன ஈ.சி.ஜி. மெஷின் பையிலதானே இருக்கு? உள்ளே போகத்தானே கூடாது. வெளியில உட்கார்ந்து பார்ப்போம்."

அன்றிலிருந்து தினமும் அந்த வாசலில் வரிசை. மிஸ் கையைப் பிடித்துப் பார்ப்பார், கோணல் என்றால் சௌம்யா மெஷினை வைப்பார், உறுதியானால் அந்த ஆள் போய் வலது பக்கச் சுவரோரம் உட்கார வேண்டும். மாத்திரை கிடைக்கும்வரை அந்த வரிசை எழுந்திருப்பதில்லை என்று முடிவு. வீட்டிலிருந்து நாற்காலி, தலையணை, ஃபிளாஸ்க் எல்லாம் வந்தன. மிஸ்தான் அதில் முதல் ஆள். மாத்திரை இல்லாமல் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஆபத்துதான் என்று சௌம்யா என்னிடம் தனியே சொல்லிக் கவலைப்பட்டார்.

வாரியம் சும்மா இருக்கவில்லை. பொது இடத்தில் ஒருவர் மணிக்கட்டை இன்னொருவர் வாரியத்தின் அனுமதியின்றிப் பிடிப்பது குற்றம் என்று அறிவித்தது. பூங்காவில் கைகோத்து உட்கார்ந்திருந்த ஒரு புதுமணத் தம்பதியைப் பிடித்து, யாருடைய நாடியை யார் பார்த்தீர்கள் என்று விசாரித்தார்கள். அதன்பிறகு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். பூவாத்தாள் தன் கையை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டி, "நம்பர் வாங்குன கையுங் இது. பிடிச்சுப் பாரு சாமி, பாக்கலாம்," என்றார். பிடித்தால் குற்றம், பிடிக்காவிட்டால் நடவடிக்கை இல்லை. அவர்கள் மேலிடத்தைக் கேட்டு வருகிறோம் என்று போனவர்கள்தான்.

மேலிடமே ஒரு சாயங்காலம் வந்தது. மங்கி குல்லாயும் கழுத்தில் மஃப்ளரும் சுற்றிக்கொண்டு ஒருவர் வந்து வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார். யாரோடும் பேசவில்லை. அவர் முறை வந்து மிஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து குல்லாயைக் கழற்றியபோதுதான் அது பசவராஜ் என்று தெரிந்தது. வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மிஸ் கையமர்த்தினார்.

"நாலு நாளா நெஞ்சுல ஒரு மாதிரி இருக்கு மேடம்," என்றார் பசவராஜ், மெதுவாக. "ஆபீஸ்ல நம்பர் கேட்டேன். எங்க வார்டு ஃபுல்லாம். யாருக்கும் எக்ஸப்ஷன் கிடையாதுன்னு நானே எழுதியிருக்கேன். குமாஸ்தா அதை எனக்கே படிச்சுக் காட்டினான்."

மிஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். சௌம்யா மெஷினை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

"இருக்கு சார்," என்றார் மிஸ். "உங்க வயசுல ரொம்ப காமன்."

பசவராஜுக்குக் கண் கலங்கியது. "மாத்திரை?"

"போன் பண்ணுங்க. உங்க ஆபீஸுக்கு."

"கமிட்டி கூட்டணும் மேடம். கோரத்துக்கு மெம்பருங்க வரணும். அடுத்த மாசம் கட்டாயமா..." கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். மிஸ் விடவில்லை. விடுகிற பிடியாகவும் அது தெரியவில்லை. பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த கிரிஸ் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை வருவதற்கு அவருக்கு ரொம்ப நேரம் ஆகும். எல்லாரும் காத்திருந்தோம்.

"நானும்... அடுத்த... மாசம்... பாக்கலாம்னு... இருந்தேன்... சார்."

பசவராஜ் கிரிஸைப் பார்த்தார். வலது கை மடியில் கிடந்த விதத்தைப் பார்த்தார். இடது கையால் போனை எடுத்தார். பிடிபட்ட கை மிஸ்ஸிடம் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத் தொடைமேல் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது.

"எழுதிக்கோ. சௌம்யா கிளினிக் சீலை எடுக்க உடனே ஆள் அனுப்பு. கடைக்காரங்களுக்கும் சொல்லிடு, டாக்டர் எழுதினா குடுக்கலாம், நம்பர் வேண்டாம்னு. எல்லா வார்டுக்கும். பன்னிரண்டுங்கறதை எடுத்துடு."

போனில் குமாஸ்தாவின் குரல் குழம்பியது. "எடுத்துட்டு எத்தனைன்னு போடறது சார்? பதின்மூணா?"

பசவராஜ் மிஸ்ஸைப் பார்த்தார்.

"எத்தனை பேருக்கு இருக்கோ அத்தனைன்னு போடச் சொல்லுங்க," என்றார் மிஸ்.

"அப்படி ஒரு நம்பர் இல்லையே சார்," என்றது போன்.

"இருக்குப்பா," என்றார் பசவராஜ். "போடு."

ஆள் வந்து முத்திரையை உடைக்கும்வரை மிஸ் அந்தக் கையை விடவில்லை. உட்கார்ந்தே இருந்தார். பசவராஜும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார். பூவாத்தாள் இருவருக்கும் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். ஒரு கையால்தான் குடித்தார்கள்.

கதவு திறந்தது. சௌம்யா உள்ளே போய் விளக்கைப் போட்டு, மேசையைத் துடைத்து, பேனாவை எடுத்தார். இந்தத் தடவை கீழே வைக்கவில்லை. தலைவராகவே இருந்து பழகிய பசவராஜ், கை விடுபட்டதும் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு நேரே உள்ளே நடந்தார். யாரும் தடுக்கத் துணியவில்லை. மிஸ்தான் கூப்பிட்டார்.

"சார்."

அவர் திரும்பினார்.

சுவரோரம் நாற்காலிகளிலும் தலையணைகளிலும் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் மிஸ் கையால் காட்டினார். கதவு திறந்ததும் எல்லாரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள், நாள்கணக்கில் காத்திருந்தவர்கள். "இவங்கெல்லாம் உங்களுக்கு முன்னாடி வந்தவங்க. கடைசியில போய் நில்லுங்க."

பசவராஜ் ஒரு கணம் வாசற்படியில் நின்றார். பிறகு போய் நின்றார். மிஸ் கிரிஸின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே போனார்.